பொத்தினால் கத்தும் மைக்

காலடிப்பேட்டையில் எங்கள் பேண்ட் கோயில் திருவிழாவுக்கு ஒத்திகை பார்க்கும் தகர ஷெட்டில் அன்றைக்கும் மைக் ஊளையிட்டது. பாடிக்கொண்டிருந்த அக்கா பாதி வரியில் நிறுத்தி, “மன்னிச்சிக்கோங்கப்பா, என் தொண்டை அவ்ளோதான்” என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. தொண்டைக்கு என்ன குறை? மைக்கை மாற்றிப் பார்த்தால் என்ன?

அவர் எங்களில் யாருக்கும் சொந்த அக்கா இல்லை. எண்ணூரில் ஒரு நர்சரிப் பள்ளியில் வாரம் முழுக்கக் கத்திப் பாடம் நடத்திவிட்டு, மிச்சக் குரலோடு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வருவார். மெல்லிய குரல், சுருதி பிசகாது. டிரம்ஸ் வாசிக்கும் என் தோஸ்துக்கோ மெதுவாக அடிக்கவே வராது.

“அக்கா நல்லாதான் பாடுது மாமு. ஆனா காதுல வுழல. திருவிழா மேடைக்கு என் மச்சானை இட்டாந்துடறேன். அவனுக்கு மைக்கே வாணாம்” என்று அவன் ஆரம்பித்துவிட்டான். அக்காவை விட்டுவிட எனக்கு மனசில்லை.

பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தேடிப் படித்தேன். எங்களுடைய வாடகை மைக் நாலா பக்கத்துச் சத்தத்தையும் அள்ளுகிற ரகம். ஸ்பீக்கரில் வருவதையே திரும்ப வாங்கி ஸ்பீக்கருக்கே அனுப்பும். அது சுற்றிச் சுற்றி வளர்ந்து ஊளையாகிவிடும். முன்பக்கம் மட்டும் கேட்டு, முதுகுப்பக்கம் செவிடாக இருக்கிற மைக்கும் உண்டாம். மறுநாளே ரிச்சி தெரு எலெக்ட்ரானிக்ஸ் கடைக்குப் போய் அப்படி ஒன்றை வாங்கிவந்தேன். அடுத்த ஞாயிறு ஒத்திகையில் அதன் முதுகுக்கு நேராக ஸ்பீக்கரை வைத்தோம்.

முதல் பாட்டு முழுசாக முடிந்தது. அக்கா பாடியது அந்த ஷெட்டில் முதல் தடவையாகச் சொல் சொல்லாகக் கேட்டது. இரண்டாவது பாட்டில் டிரம்ஸ் ஏற, நானும் வால்யூமைக் கொஞ்சம் ஏற்றினேன். மைக் லேசாகக் கீச்சிட்டது. வகுப்பில் அழுகிற பிள்ளையின் வாயைப் பொத்துவது போல அக்கா மைக்கின் தலையைப் பொத்தினார். பொத்தினால் முதுகைச் செவிடாக்குகிற துளைகள் அடைபட்டு, அதுவும் பழைய மைக் போலவே நாலா பக்கமும் கேட்க ஆரம்பித்துவிடும். ஷெட்டே அதிர்ந்தது.

“கைய எடுங்கக்கா, பொத்துறதாலதான் கத்துது.”

“கத்துறதாலதானேப்பா பொத்துறேன்.”

“மைக்கு புச்சு, ஊள மட்டும் பழ்சு” என்றான் டிரம்ஸ்காரன், குச்சியால் முதுகைச் சொறிந்துகொண்டே.

ஸ்டாண்டில் மாட்டி, உதட்டை ஒட்டிப் பாடச் சொன்னேன். ஒவ்வொரு கீச்சுக்கும் அக்கா ஓரடி பின்னால் போனார். அவர் தள்ளிப்போனால் நான் வால்யூம் ஏற்ற வேண்டும், ஏற்றினால் கத்தும், கத்தினால் இன்னும் தள்ளிப்போவார். கடைசியில் கதவருகே நின்று பாடிக்கொண்டிருந்தார். டிரம்ஸ் மட்டும்தான் கேட்டது.

மறுபடி கடைக்குப் போய் இதைவிட நல்ல மைக் இருக்கிறதா என்றேன். “டிரம்ஸைத் தெருவுல வெச்சிட்டுப் பாடுங்க தம்பி” என்று கடைக்காரர் சிரித்தார். பயந்து பின்வாங்குகிறவருக்கு எந்த மைக்கை வாங்குவது என்று அவரிடம் எப்படிக் கேட்பது?

வருகிற ஞாயிறு டிரம்ஸ்காரனின் மச்சான் வருகிறான். அன்றைக்கு மற்றவர்கள் வருவதற்கு முன்பே வரும்படி, போன ஒத்திகை முடிந்து கிளம்பும்போதே அக்காவிடம் சொல்லியிருந்தேன். “பாக்கலாம்ப்பா” என்றுவிட்டு பஸ் ஏறினார். வருவார் என்று எனக்குத் தோன்றவில்லை. வந்தால் பாட்டே வேண்டாம். நானே மைக்கைக் கத்தவிடப் போகிறேன். கையை இறக்கிவிட்டு, மைக்கிலிருந்து உதட்டை எடுக்காமல், நான் வால்யூமைக் குறைக்கும்வரை அவர் அப்படியே நிற்க வேண்டும். அதைத்தான் பழக்கிப் பார்க்கப் போகிறேன்.