பாடைக்குப் பின்னால் நடந்தவர்

எண்பதுகளின் தொடக்கத்தில் சங்கரன்கோவிலில் எங்கே நின்றாலும் தறிச்சத்தம் கேட்கும். அந்தக் கொலைக்கு மறுநாள் அது கேட்கவில்லை. ஊரில் பாதிக்குமேல் தறி வைத்திருந்த கோஷ்டித் தலைவர் தன் தறிக்கூடங்களை அடைக்கச் சொல்லியிருந்தார். அவருக்குத்தான் என் மகன் கார் ஓட்டினான்.

செத்தவர் எதிர்க்கோஷ்டிக்காரர். பகையைப் பேசித் தீர்க்க வந்து, தலைவர் வீட்டில் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார். பஸ் ஸ்டாண்டில் அவரை இறக்கிவிட்டவன் என் மகன். அவன் காரைத் திருப்புவதற்குள் வெட்டிவிட்டார்கள். வெட்ட ஆள் அனுப்பியது தலைவரின் வலதுகை என்று ஊருக்கே தெரியும். அந்தக் கையாளின் தம்பி முன்பு ஒரு சண்டையில் செத்தவர் கையால் இறந்திருந்தான்.

தலைவர் தேரடியில் மைக் பிடித்து, "எங்க வீட்டுல சோறு தின்ன மனுசன். இந்த ரத்தத்துக்கும் எனக்கும் சம்பந்தமில்ல" என்று அழுதார். பாடைக்குப் பின்னால் செருப்பில்லாமல் நடந்தார். பொழுது சாயும்வரை பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை.

"அழுதது நெசந்தாம்வே. கண்ணு செவந்துபோச்சே" என்றார் டீக்கடையில் ஒருவர்.

"அப்போ அந்தக் கையாளு ஏன்வே இன்னும் முன்சீட்டுல போறான்?" என்றார் இன்னொருவர்.

அந்த முன்சீட்டுக்குப் பக்கத்தில்தான் என் மகன் உட்கார்ந்திருந்தான். வேலையை விடச் சொன்னேன். "இப்ப விட்டா எம்மேலதானப்பா சந்தேகப்படுவாங்க" என்றான். அவன் வீடு திரும்பும்வரை எனக்குச் சோறு இறங்காது.

எங்கள் சின்னச் சபைக்குப் போதகர் மாதம் ஒருமுறைதான் வருவார். மற்ற ஞாயிறுகளில், பள்ளி ஆசிரியரான நான் வரிசையில் வரும் வேத அதிகாரத்தை வாசித்து விளக்குவேன். அந்த வாரம் வந்ததைப் பார்த்ததும் வேதத்தை ஒருமுறை மூடி வைத்தேன். சமாதானம் பேச வந்தவனை ராஜாவின் சேனாதிபதி குத்திக் கொல்கிறான். ராஜா தனக்குச் சம்பந்தமில்லை என்று அறிவித்து, பாடைக்குப் பின்னால் நடந்து, அஸ்தமனம் வரை பட்டினி கிடக்கிறான். ஜனங்களுக்கு அது பிடித்துப்போகிறது. சேனாதிபதி வேலையில் இருக்கிறான். தலை நிமிராமல் சொல்லி முடித்தேன். இருப்பதே இருபது பேர், நாலு சுவருக்குள் என்று நினைத்தேன்.

ஆராதனைக்கு முன் கூரைமேல் இருக்கும் குழாய் ஸ்பீக்கரில் பாட்டுப் போடுவோம். பிரசங்க மைக் வெளியே கேட்காதபடி அதை முன்பே அணைத்துவிடுவோம். அன்று யாரும் அணைக்கவில்லை. கடைத்தெரு முழுக்கக் கேட்டிருக்கிறது.

வெளியே வந்தால் தலைவரின் கார். ஓட்டும் இடத்தில் என் மகன், பக்கத்தில் அந்தக் கையாள்.

"வாத்தியாரே, கதை நல்லாத்தான் சொல்லுதீரு. அந்தச் சேனாதிபதி கடைசில என்ன ஆனான்?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் என் மகனும் ஞாயிறு பள்ளியில் படித்தவன். பதில் அவனுக்குத் தெரியும்.

"ராஜா சாகப்போற நேரத்துல மகன்கிட்ட சொல்லிட்டுப் போனாரு. மகன் பட்டத்துக்கு வந்ததும் ஆள்விட்டுக் கொன்னுட்டான்."

அந்த ஆள் சிரித்தார். "அப்போ ராஜா இருக்க வரைக்கும் பயமில்லைன்னு சொல்லும். ஏலே, வண்டிய எடு."

சாயங்காலம் மகன் நடந்து வந்தான். வீட்டுக்குள் வரவில்லை. சாவு விழுந்த துட்டி வீட்டுக்குப் போய் வந்தவன் மாதிரி, உடுத்திய துணியோடு கிணற்றடியில் நின்று தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டான்.

"யாரு வீட்டுல துட்டி மக்கா?" என்று துண்டோடு ஓடினாள் அவன் அம்மா.

"கார்ச் சாவியத் தலைவர்கிட்ட கொடுத்துட்டேம்மா."

"அவரு என்ன சொன்னாரு?" என்று கேட்டேன்.

"'நான் ஒண்ணும் செய்யலியேலே'ன்னு எங்கிட்டயும் அழுதாருப்பா."

அந்த வாரமே அவனை வெளியூருக்கு ரயில் ஏற்றிவிட்டேன். தெருவில் கார் வந்து நின்றால் இன்றைக்கும் எழுந்து போய்ப் பார்க்கிறேன்.