கொண்டையோடு அளந்த உயரம்

ஒரு நாள் ஏலத்தோட்ட வேலையில் ஒரு பெண் மூன்று விரற்கடை குட்டையாகிவிடுவாள் என்று நான் நம்பினேன். விலங்கியலில் முனைவர் பட்டம், பத்தொன்பது வருடம் வகுப்பெடுத்த அனுபவம், இரண்டையும் வைத்துக்கொண்டு நம்பினேன். மழைக்கு ஒதுங்கியாவது ஒரு வகுப்பில் நின்றவன் இதை நம்பமாட்டான்.

கம்பத்திலிருந்து தினமும் காலையில் ஜீப் ஜீப்பாகப் பெண்கள் மலையேறி, கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறார்கள். சாயங்காலம் இறங்கி வருகிறார்கள். நாள் முழுக்க நின்று, குனிந்து, சுமந்தால் முதுகெலும்பு அமுங்கி உயரம் கொஞ்சம் குறையும். எல்லோருக்கும் நடப்பதுதான், படுத்து எழுந்தால் சரியாகிவிடும். சுமை தூக்கும் இந்தப் பெண்களுக்கு எவ்வளவு குறைகிறது என்று அளந்து, மனித உயிரியல் மாநாடு ஒன்றுக்கு ஆய்வுச் சுருக்கம் அனுப்பலாம் என்று கிளம்பினேன். அவர்கள் கேட்டது இருநூற்றைம்பது வார்த்தை. எனக்கு அதைவிட நீளமாக லீவ் லெட்டர் எழுதிப் பழக்கம்.

ஜீப் நிற்கும் இடத்தில் டீக்கடைச் சுவரோரமாக ஹைட் ஸ்டாண்டை நிறுத்தினேன். ஏறும்முன் ஓர் அளவு, இறங்கியதும் ஓர் அளவு. நாற்பது பெண்கள். எக்செல்லில் போட்டுப் பார்த்தால், ஆள் பாக்கியில்லாமல் எல்லோரும் இரண்டு, மூன்று விரற்கடை குறைந்திருந்தார்கள். உலகத்தில் எவனுக்கும் தெரியாத உண்மை கம்பத்து டீக்கடையில் எனக்காகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறது!

துறைத் தலைவரிடம் காட்டினேன். அவருக்குப் பதவி உயர்வுக்கு வேண்டிய ஆய்வுப் புள்ளி போதாமல் இருந்த காலம். "யோவ், இது இண்டர்நேசனல் லெவல்யா" என்றார். இரண்டாவது பெயராகத் தன் பெயரைப் போடச் சொன்னார். மறு வாரமே கல்லூரி வாசலில் பிளெக்ஸ் வந்துவிட்டது. அதில் அவர் படம் பெரிதாகவும், என் படம் ரேஷன் கார்டு அளவிலும் இருந்தன. சுருக்கத்தை நாங்கள் இன்னும் அனுப்பவே இல்லை.

பேச்சியம்மா கேட்டது

கடைசித் தேதிக்கு மூன்று நாள் முன்பு, ஒப்புதல் படிவத்தில் விட்டுப்போன கையெழுத்துகளை வாங்க ஜீப் நிற்கும் இடத்துக்குப் போனேன். அங்கே ஜீப்புகளுக்கு ஆள் சேர்ப்பவர் பேச்சியம்மா. ஐம்பது வயதிருக்கும். அவர் சொன்னதால்தான் மற்றவர்கள் என் ஸ்டாண்டில் ஏறி நின்றார்கள்.

"என்ன சார், எங்கள அளந்தீகளே, என்னதான் தெரிஞ்சிச்சு?"

நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். "சாயங்காலம் வர்றப்ப நீங்க எல்லாரும் மூணு விரக்கட குட்டையாயிர்றீக."

எல்லோரும் சிரித்தார்கள் பாருங்கள், டீக்கடைக்காரர் பாய்லரை விட்டுவிட்டு வெளியே வந்து எட்டிப் பார்த்தார்.

"ஆத்தாடி! அப்ப நான் வாக்கப்பட்டு வந்தப்ப பனைமரமாட்டம்ல இருந்திருக்கணும்!"

"அதான்டி, எங்க வீட்டுக்காரரு கண்ணுக்கு நான் தட்டுப்படவே மாட்டேங்குறேன்!"

பேச்சியம்மா மட்டும் சிரிக்கவில்லை. படிவத்தில் கையெழுத்தைப் போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"சார், சொமை தூக்கத் தோதா காலையிலயே உச்சியில கொண்டை போட்டுத் துணியச் சுத்திக்கிருவோம். வேலை முடிஞ்சா அவுத்துப் பின்னிட்டுத்தான் ஜீப்புல ஏறுவோம். காலையில கொண்டையோட அளந்தீக, சாயங்காலம் கொண்டையில்லாம அளந்தீக. அந்தக் கொண்டைய எங்கன கழிச்சீக?"

எங்கேயும் கழிக்கவில்லை. உயரம் அளக்கும்போது மேலிருந்து இறங்கும் பலகையை மண்டையில் படும்படி அழுத்த வேண்டும், கொண்டை இருந்தால் அவிழ்க்கச் சொல்ல வேண்டும். முதலாமாண்டுப் பிள்ளைகளுக்கு நானே நடத்துகிற பாடம் இது. ஆனால் தெருவில் வைத்து ஒரு பெண்ணிடம் தலைமுடியை அவிழ்க்கச் சொல்ல எனக்குக் கூச்சம். பலகை எதிலோ பட்டதும் நிறுத்தி, எண்ணைக் குறித்துக்கொண்டேன். அந்த இடத்தில் நான் மூன்று விரற்கடை குறைந்தேன். அதை அளக்க ஸ்டாண்ட் தேவைப்படவில்லை.

மறுநாள் காலையில் கைகூப்பி எல்லோரையும் கொண்டையை அவிழ்க்கச் சொன்னேன். டிரைவர் ஹாரனை விடாமல் அடித்தார். "திரும்ப முடிஞ்சு கட்ட எம்புட்டு நேரமாகும்னு தெரியுமா ஒங்களுக்கு? நீங்க வந்து கட்டிவிடுவீகளா?" என்று ஒரு பெண் என்னை விரட்டாத குறை. சாயங்காலம் மறுபடி அளந்தேன். உயரம் குறைந்திருந்தது அரை விரற்கடைக்கும் கீழேதான். சந்தேகத்துக்கு நானும் இரண்டு வேளையும் ஏறி நின்றேன். நாள் முழுக்க நாற்காலியைத் தேய்த்த நானும் அதே அளவுதான் குறைந்திருந்தேன்.

"பிரிலிமினரி"

துறைத் தலைவரிடம் போய்ச் சொன்னேன்.

"யாருய்யா வந்து கொண்டைய அவுத்துப் பாக்கப் போறாக?" என்றார். "அப்ஸ்ட்ராக்ட்தானய்யா இது. பேப்பர் எழுதுறப்பத் திருத்திக்கிருவோம்."

"சார், அது பொய் சார்."

"பொய்யின்னு யாரு சொன்னா? பிரிலிமினரி ரிசல்ட்டுன்னு போடு."

அளந்தது தப்பு என்று தெரிந்த பிறகு அதற்குப் பெயர் பிரிலிமினரியா? பரீட்சையில் பையன் பிட்டு அடித்தால் ஹாலை விட்டுத் துரத்துகிறோம். நாம் அடித்தால் அதற்கு இங்கிலீஷில் ஒரு பேர். அந்தப் பெண்கள் ஜீப்பைக் காக்கவைத்து, டிரைவரிடம் வசவு வாங்கிக்கொண்டு, கொண்டையை அவிழ்த்து மறுபடி அளக்க நின்றார்களே, அது எதற்கு? வாசலில் இவர் படம் பெரிதாகத் தொங்குவதற்கா? இவ்வளவையும் அவர் முகத்துக்கு நேராகக் கேட்டேன் என்று எழுத ஆசைதான். "சரி சார், பார்க்குறேன் சார்" என்றேன். கோபமெல்லாம் படியிறங்கும்போதுதான் வந்தது. என் கோபம் எப்போதும் படிக்கட்டில்தான் வரும்.

ஆனால் ஒரு வசதி இருந்தது. சுருக்கத்தை அனுப்பும் தளத்தில் லாகின் என்னுடையது. பாஸ்வேர்டு எனக்கு மட்டும்தான் தெரியும்.

கடைசி நாள், மாலை ஐந்து மணிக்குத் தளம் மூடும். திருத்திய சுருக்கத்தை எழுதினால் முந்நூறு வார்த்தையைத் தாண்டியது. பழைய பொய் கச்சிதமாக இருநூற்றைம்பதில் உட்கார்ந்திருந்தது. தப்பு எப்படி நடந்தது, எப்படித் திருத்தினோம் என்று விளக்க வார்த்தை பிடிக்கிறது. வெட்டினேன். 'ஆகவே'யை வெட்டினேன், 'மேலும்' எல்லாவற்றையும் வெட்டினேன். நாலே முக்காலுக்கு இருநூற்று நாற்பத்தெட்டு வந்தது. ஒட்டப் போனால், லாகின் நேரம் முடிந்தது, மறுபடி உள்ளே வா என்றது தளம். பாஸ்வேர்டை இரண்டு தடவை தப்பாக அடித்தேன். வியர்வையில் விரல் வழுக்கியது. என் பெண்டாட்டி பெயரைத்தான் பாஸ்வேர்டாக வைத்திருந்தேன், அதுவே மறந்துபோனது.

மூன்றாவது தடவை திறந்தது. திரையில் வந்தது முந்தைய வாரம் சேமித்து வைத்த பழைய வரைவு. துறைத் தலைவர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"மணி நாலு அம்பத்தஞ்சு. அமுக்குய்யா, அமுக்கு. வாசல்ல பிளெக்ஸ் தொங்குது."

அமுக்கினேன்.

இதைப் படிக்கும் இளம் ஆசிரியர்களுக்கு என் அனுபவத்திலிருந்து ஒன்றுதான் சொல்வேன். தப்பு தெரிந்த அன்றே திருத்திய சுருக்கத்தை மாநாட்டுக்காரர்களுக்கு அனுப்பிவிடுங்கள். துறைத் தலைவரிடம் அதற்குப் பிறகு சொல்லுங்கள். முதலில் அவரிடம் போனால் உங்களுக்கும் ஒரு "பிரிலிமினரி" கிடைக்கும்.

மூன்று வருடமாக இந்தக் கதையை ஸ்டாஃப் ரூமில் சொல்லும்போதெல்லாம், சர்வர் சதி செய்துவிட்டது, அவசரத்தில் நான் கவனிக்கவில்லை என்றுதான் முடிப்பேன். எல்லோரும் சிரிப்பார்கள். ஆனால் நடந்தது அதுவல்ல. திருத்திய சுருக்கம் பக்கத்து விண்டோவில் திறந்தே இருந்தது. எடுத்து ஒட்ட அரை நிமிடம் போதும். எனக்கு ஐந்து நிமிடம் இருந்தது. திரையில் இருப்பது பழையது என்று பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் அமுக்கினேன்.

மறு வாரம் பேச்சியம்மா வழியில் நிறுத்தி, "கொண்டையக் கழிச்சிட்டீகளா சார்?" என்று கேட்டார். "கழிச்சாச்சும்மா" என்றேன்.

சுருக்கத்தை ஏற்றுக்கொண்டார்கள். நானே ரயிலேறிப் போய், மேடையில் நின்று பத்து நிமிடம் படித்தேன். யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.