சுரப்பலகையில் நான் எழுதாத பெயர்

போன வியாழக்கிழமை காலை, கம்ப்யூட்டர் சென்டரின் ஷட்டரைப் பாதிதான் தூக்கியிருந்தேன். போன் வந்தது. ஆர்.கே.பேட்டை பஜனைக் குழுவில் டோலக் வாசிக்கும் பாஸ்கர் பேசினார்.

"சார், நம்ம கோவிந்தம்மா அக்கா நேத்து காலையில தவறிட்டாங்க. மூணு நாளா ஜொரம். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிகினு போறப்பவே..."

வகுப்புக்கு வந்தவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டுத் திருத்தணி பஸ் நிலையத்துக்கு நடந்தேன். ஆர்.கே.பேட்டை பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு, துக்கத்துக்கு முன்பாக வெட்கம்தான் வந்தது. அதை மறைத்து அவருக்கு அஞ்சலி எழுத எனக்கு உரிமையில்லை.

கோவிந்தம்மாள் அவர்கள் பவர்லூம் தறி ஓட்டியவர். கணவர் இல்லை; ஒரே மகள் பத்மா. கிருத்திகைதோறும் திருத்தணி மலைக்கோயிலில் பாடும் பஜனைக் குழுவில் அவர்தான் ஆர்மோனியம். தொண்ணூறுகளின் கடைசியில் ஒருநாள், தறி அவருடைய வலக்கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் வாங்கிக்கொண்டது. ஆர்மோனியத்தில் இடக்கை துருத்தியை அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும், வாசிப்பதெல்லாம் வலக்கைதான். மீதி மூன்று விரல்கள் பஜனையின் வேகத்துக்கு ஓடவில்லை. பெட்டியை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு ஜால்ராவை எடுத்துக்கொண்டார்.

இரண்டாயிரத்து இரண்டு வாக்கில் நான் 'சுரப்பலகை' என்றொரு மென்பொருள் எழுதினேன். கம்ப்யூட்டரின் சாதாரணக் கீபோர்டையே இசைக் கீபோர்டாக மாற்றுவது அது. ஓப்பன் சோர்ஸ் முறையில் நிரலை ஒளிக்காமல் இணையத்தில் போட்டேன். யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், குறை சொல்லலாம், திருத்தலாம். 'பயனர்களின் ஆலோசனையோடு வளர்வது' என்று முதல் பக்கத்தில் பெருமையாக எழுதியும் வைத்தேன். சென்டரில் ஒரு கீபோர்டின் மேல் ச, ரி, க, ம என்று சின்னச் சின்னக் காகிதங்களை ஒட்டி வைத்திருந்தேன்.

பாஸ்கர் சொல்லித்தான் கோவிந்தம்மாள் வந்தார். அரை மணி நேரம் வாசித்துப் பார்த்தார்.

"துருத்தி இல்ல பாருங்க சார். ரெண்டு கையும் எனக்கே" என்றார். அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்தது அன்றுதான்.

பிறகு ஒவ்வொரு ஞாயிறும் வந்தார். குறைகளைக் கூச்சமில்லாமல் சொல்வார். "விரல எடுத்ததும் நூலு அறுந்தா மாதிரி நின்னுடுது சார். அடுத்த சுரத்தோட முடிச்சி போடணும்." அதைச் செய்தேன். அப்படி அவர் சொல்லிச் செய்தவை ஏழெட்டு இருக்கும்.

ஒரு ஞாயிறு, சென்டர் நிறைய ஆட்கள் இருந்த நேரம். "சார், ச-வையும் ப-வையும் பிடிச்சிகினு நி-யத் தொட்டா நி பேச மாட்டேங்குது" என்றார்.

நான் போய் மூன்றையும் அமுக்கிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. முதல்நாள்தான் வீட்டுக் கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் சோதித்திருந்தேன், அந்தத் திமிர். "ப்ரோகிராம்ல ஒண்ணும் இல்லம்மா. கோளாறு உங்க கையிலதான்" என்றேன்.

டைப்பிங் பழகிக்கொண்டிருந்த யாரோ சிரித்தார்கள். கோவிந்தம்மாள் தன் வலக்கையை ஒருமுறை பார்த்தார். மெதுவாக அதை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்.

"ஆங், இருக்கும் சார்" என்று எழுந்து போனார்.

இனி வரமாட்டார் என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறே வந்தார், பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த பத்மாவோடு. "இவளுக்குப் பத்து விரலும் இருக்குது சார். அமுக்கச் சொல்றேன், நீங்களே கேளுங்க." பத்மா அமுக்கினாள். நி பேசவில்லை. அதன்பின் மூன்று ஞாயிறு தாயும் மகளும் உட்கார்ந்து, எந்த மூன்று விசைகள் சேர்ந்தால் ஒன்று ஊமையாகிறது என்று ஒரு நோட்டில் எழுதினார்கள். எந்தச் சுரத்தை எந்த இடத்துக்கு மாற்றினால் எல்லாம் பேசும் என்று கடைசிப் பக்கத்தில் கட்டம் போட்டு வரைந்து கொடுத்தார்கள்.

"பாக்கறேன்" என்று வாங்கி மேசை இழுப்பறையில் போட்டேன். ஒரு மாதம் அது அங்கேயே கிடந்தது.

பிறகு எங்கோ வெளிநாட்டிலிருந்து ஒருவர் அதே குறையை ஆங்கிலத்தில் நாலு வரி மெயில் எழுதினார். அன்றே உட்கார்ந்து தேடினேன். மலிவான கீபோர்டுகளின் உள்கம்பிகள் சில இடங்களில் மூன்று விசைகளை ஒன்றாக அனுப்புவதில்லை. என் வீட்டுக் கீபோர்டு வேறு வகை; அதனால் எனக்குத் தெரியவில்லை. கோளாறு அவர் கையில் இல்லை. தீர்வும் புதிதாக யோசிக்க வேண்டியிருக்கவில்லை. இழுப்பறையைத் திறந்து, அந்தக் கட்டத்தைப் பார்த்து அப்படியே மாற்றினேன். சுரப்பலகையை ஊர் பேர் தெரியாத எத்தனையோ பேர் இன்று வாசிக்கிறார்கள் என்றால், அந்தக் கட்டத்தின் மேல்தான் வாசிக்கிறார்கள்.

புதிய பதிப்பின் நன்றிப் பட்டியலில் மெயில் எழுதியவர் பெயரைப் போட்டேன். கோவிந்தம்மாள் பெயரைப் போடவில்லை. மறதி என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். மறதி இல்லை. கம்ப்யூட்டரே இல்லாத ஒரு தறிக்காரம்மா வரைந்ததை நான் எடுத்துப் போட்டேன் என்று உலகத்துக்குச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த வாரம் அவர் திரையில் அந்த ஆங்கிலப் பட்டியலைப் பார்த்தார். தமிழ் நன்றாகப் படிப்பார், ஆங்கிலம் தெரியாது.

"இது இன்னா சார்?"

"உதவி செஞ்சவங்க பேருங்க."

"என் பேரு இருக்குதா?"

"இருக்குது" என்றேன். ஏதோ ஒரு வரியைக் காட்டினேன்.

அந்த வரியைச் சுண்டுவிரலால் தொட்டுப் பார்த்தார். "எங்க நைனா கேட்டிருந்தா சந்தோஷப்பட்டிருப்பாரு" என்று சொல்லி, ஒரு பிரிண்ட் கேட்டு வாங்கி, நாலாக மடித்து எடுத்துப்போனார்.

அதற்குப் பிறகும் அவர் வருவது நிற்கவில்லை. பஜனைக் குழுவினர் பழைய லேப்டாப் ஒன்று வாங்கினார்கள். ஒரு கிருத்திகையன்று மலைமேல் மண்டபத்தில், இரண்டு கைகளாலும் அவர் வாசிக்க, சுற்றியிருந்தவர்கள் வாய்மூடிக் கேட்டார்கள். பாட்டு முடிந்ததும் என்னை முன்னே அழைத்தார். "இதச் செஞ்சவரு இவருதாங்க. எல்லாரும் ஒருவாட்டி கை தட்டுங்க" என்றார். தட்டினார்கள். நான் கும்பிட்டுக்கொண்டு நின்றேன்.

வியாழக்கிழமை நான் போய்ச் சேர்ந்தபோது முந்தின நாளே அடக்கம் முடிந்து, வீட்டில் உறவுக்காரர்கள் சிலரே இருந்தார்கள். பத்மா இப்போது அரக்கோணத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியை. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். வாங்கியவன் குடிக்காமல் சொன்னேன்.

"பத்மா, அந்தப் பட்டியல்ல உங்க அம்மா பேரு இல்ல."

"தெரியும் சார். அன்னிக்கு அம்மா வூட்டுக்கு எடுத்துகினு வந்ததுமே படிச்சிட்டேன்."

"அம்மாவுக்கு?"

"அப்பவே சொல்லிட்டேன். எனக்குக் கோவம் சார். உங்ககிட்ட வந்து கேட்கறேன்னு கிளம்பினேன். அம்மாதான் கையப் பிடிச்சி உட்கார வெச்சாங்க. 'வுடு, கேட்காத. பாவம், வெக்கப்படுவாரு'ன்னாங்க."

மலைமேல் எனக்குக் கை தட்டச் சொன்னபோது அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

பஸ் பிடித்துத் திரும்பியதும் பட்டியலைத் திருத்தினேன். முதல் பெயர், தமிழிலும் ஆங்கிலத்திலும். கட்டம் யாருடையது, நான் என்ன சொன்னேன், என்ன பொய் சொன்னேன் என்பதையெல்லாம் சுரப்பலகையைப் பயன்படுத்துகிறவர்களின் மெயில் குழுவுக்கு எழுதினேன். சிலர் வருந்தினார்கள். சிலர் திட்டினார்கள், அது நியாயம். முன்பின் தெரியாத ஒரு பெண்மணி மட்டும், 'இந்தப் பெயரை எப்படிச் சொல்ல வேண்டும்?' என்று கேட்டிருந்தார்.

மைக்கை எடுத்து வைத்துக்கொண்டு அந்தப் பெயரைச் சொன்னேன். முதல் இரண்டு முறையும் பாதியில் நிறுத்தி, பதிவை அழித்தேன். மூன்றாவது முறை முழுதாகச் சொல்லி அனுப்பினேன்.

கோவிந்தம்மாள்.

நீங்கள் என்னை வெட்கப்படாமல் காப்பாற்றினீர்கள், அம்மா. இப்போது எல்லோர் முன்னும் வெட்கப்பட்டு நிற்கிறேன். போய் வாருங்கள்.