பெரிய புள்ளி

இன்று மாலை குகட்பள்ளி வீட்டில் மகளின் டேபிள் டென்னிஸ் பந்து என் காலடிக்கு உருண்டு வந்தது. அதை மேல்கீழ் மாறாமல் நான் இரு விரலால் மெல்லத் தூக்கியதைப் பார்த்து, அவள் தெலுங்கில் கேலி செய்தாள்.

ஆமை முட்டையும் அதே அளவு, அதே வெண்மை. நாகப்பட்டினத்தில், இன்று கருங்கல் கொட்டி மூடிவிட்ட அந்தக் கடற்கரையில், சிறுவயதில் நானும் அக்காவும் விடியலில் நாய்களுக்கு முந்தி குழிகளைக் கண்டுபிடித்து, ஈர மணலுக்குள் கைவிட்டு முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, வேலி போட்ட இடத்தில் மறுபடி புதைப்போம். மேல்பக்கம் கீழானால் கரு செத்துவிடும் என்பதால், எடுக்குமுன் ஒவ்வொன்றின் உச்சியிலும் பென்சிலால் புள்ளி வைப்பது என் வேலை.

"மெதுவாடி, உள்ள தூங்குது," என்பாள் அக்கா.

ஒருநாள் புள்ளி வைக்குமுன் ஒரு முட்டை என் கை பட்டு உருண்டது. எது மேல்பக்கம் என்று தெரியாமல், பயத்தில் ஓரிடத்தில் அழுத்திப் பெரிதாக ஒரு புள்ளி வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

ஏழு வாரம் கழித்து, குஞ்சுகள் கடலுக்குப் போனபின் அக்கா குழியைக் கிளறினாள். கிழிந்து காலியாகக் கிடந்த ஓடுகளில், பெரிய புள்ளி வைத்ததைத் தேடியெடுத்து என்னிடம் நீட்டினாள்.

"பொழச்சிருச்சுடி. இனியாவது ராத்திரி தூங்கு."