பாத்ரூமுக்குக் கீழே ஓடின தண்ணீர்

அன்றைக்கு ராபர்ட்சன்பேட்டை நகரசபை ஹாலில் இருந்தவர்கள் இவ்வளவு பேர்தான்: எங்கள் வார்டு கவுன்சிலரம்மா, இன்ஜினியர், எழுதிக்கொள்ள ஒரு கிளார்க், தெருவிளக்கு எரியவில்லை என்று சொல்ல வந்த இரண்டு பெண்கள், நாய்த்தொல்லைக்காக வந்த ஒரு ரிட்டயர்டு வாத்தியார். அப்புறம் எங்கள் லைனிலிருந்து மூலை வீட்டு அக்கா, சர்ச் மூப்பர், என் சம்சாரம், நான். மொத்தம் பத்து பேர்.

பயம் வந்தால் எதையாவது எண்ண ஆரம்பித்துவிடுவேன். ஆட்களை எண்ணி முடித்து, ஃபேன்களை எண்ணி, ஜன்னல்களை எண்ண ஆரம்பித்திருந்தேன். அந்த ஹாலில் பயப்பட வேண்டியவன் நான் ஒருத்தன்தான். நாங்கள் புகார் சொல்ல வந்திருந்த கால்வாய்க்கு மேலேதான் என் பாத்ரூம் நிற்கிறது.

எங்கள் லைன் ஊரிகம் ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம். தங்கச்சுரங்கக் கம்பெனி அந்தக் காலத்தில் தொழிலாளிகளுக்குக் கட்டிக் கொடுத்த வீடுகள், ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு குடும்பம், அந்தப் பக்கம் ஒரு குடும்பம். ஒரு அறை, ஒரு அடுப்படி, அவ்வளவுதான். கக்கூஸ் எல்லாருக்கும் பொதுவாக லைன் கடைசியில். வீடுகளின் பின்னால் கருங்கல் பாவிய ஒரு கால்வாய் ஓடும். வீடு கம்பெனி கொடுத்தது, கால்வாய் நகரசபையுடையது. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற மூணடி இடம் யாருடையது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். அந்த மூணடியில்தான் எல்லாரும் எதையாவது கட்டி வைத்திருக்கிறோம். ஒருத்தர் கோழிக்கூண்டு, ஒருத்தர் விறகு ஷெட்டு. நான் அதையும் தாண்டி, கால்வாய் மேல் கல் பலகை போட்டு, பாத்ரூமே கட்டிவிட்டேன்.

அப்பாவுக்காகக் கட்டியது. மைனில் கீழே லெவலில் பாறை சரியாமல் மரம் முட்டுக் கொடுக்கிற வேலை பார்த்தவர். அத்தனை வருஷம் ஒன்றும் ஆகாதவர், பொதுக் கக்கூஸ் படியில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். கோலார் பெரியாஸ்பத்திரியில் பிளேட் வைத்தார்கள். இனி குந்தி உட்காரக் கூடாது, நாற்காலி உயரத்தில்தான் உட்கார வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்படித்தான் எங்கள் வீட்டுக்குக் கமோடு வந்தது. அதற்குத் தனியாக ஒரு குழியும் எடுத்தேன். பெங்களூரில் ஒரு அபார்ட்மென்ட்டில் லிஃப்ட் பார்க்கிற வேலை எனக்கு. தினம் ரயிலில் போய் வந்து சேர்த்த காசு மொத்தமும் அந்த நாலடிக்கு அஞ்சடியில்தான் இருக்கிறது.

பிரச்சினை மூலை வீட்டு அக்காவுக்கு. லைனிலேயே அவர் வீட்டுத் தரைதான் பள்ளம். மழை வந்தால் கால்வாய்த் தண்ணீர் எதிர்த்துக்கொண்டு அவர் அடுப்படிக்குள் வந்துவிடும். கட்டிலுக்குச் செங்கல் முட்டு, அரிசி டின்னுக்கு ஸ்டூல். போன மழைக்கு மெத்தை போயிற்று. அவர் ஒண்டி ஆள், வீட்டுக்காரர் தவறிப்போய் நாலு வருஷம் ஆகிறது. கால்வாய் அவர் வீட்டைத் தாண்டி, ஒரு வீடு விட்டு என் வீட்டுக்குக் கீழே வந்து, மெயின் ரோட்டில் போய்ச் சேரும். அவர் வீட்டில் தண்ணீர் மிதக்கிற நாளில் என் வீட்டுப் பின்னால் கால்வாய் காய்ந்து கிடக்கும். அதைப் பார்த்தால் யாருக்கும் என்ன தோன்றும்? எனக்கே தோன்றியது. பலகை போடும்போது கலவை உள்ளே விழுந்து இறுகிவிட்டதோ, செங்கல் ஒன்று உள்ளே உருண்டதோ என்று தினம் ரயிலில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து அதையேதான் யோசித்துக்கொண்டு போவேன்.

அக்கா ஒருநாளும் என்னிடம் வாய் திறந்து கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் சண்டை போட்டிருப்பேன், கொஞ்சம் ஆறியிருக்கும்.

கன்னடத்தில் மனு எழுதிக் கொடுத்தவர் மூப்பர். ஹாலில் எழுந்து, ஞாயிற்றுக்கிழமை வேதபாடம் வாசிக்கிற அதே குரலில் நிறுத்தி வாசித்தார். கவுன்சிலரம்மா தலையாட்டிக்கொண்டே கேட்டார். இன்ஜினியர் சின்ன வயசு, தமிழ் நன்றாகப் புரியும், பேசும்போதுதான் கன்னடம் கலக்கும். வாசித்து முடித்ததும் அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். அந்தக் கால்வாய் மேல் யாராவது ஏதாவது கட்டியிருக்கிறீர்களா என்று.

மூப்பர் கண்ணாடியைத் துடைத்தார். அக்கா என் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு இன்ஜினியர் பக்கம் திரும்பினார்.

"லைன் வீடு சார். எல்லாருந்தான் இன்னாவோ கட்டிகீறோம். நானே துணி தொவைக்கிற கல்லு போட்டுகீறேன்" என்றார்.

அவர் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. அதோடு விட்டிருக்கலாம். என் சம்சாரம் விட்டுவிடுங்கள் என்பதற்காகவே என் காலை மிதித்தாள். ஆனால் அடுத்த கேள்வி வருமோ வருமோ என்று காத்திருப்பதைவிடப் பெரிய கஷ்டம் எனக்கு உலகத்தில் இல்லை. எழுந்து நின்றுவிட்டேன்.

"நான் பாத்ரூம் கட்டிகீறேன் சார். எங்கப்பாவால குந்த முடியாது."

தெருவிளக்குக்கு வந்த பெண்களில் ஒருத்தி சிரித்தாள். இன்ஜினியர் சிரிக்கவில்லை. அடைப்பு அதற்குக் கீழே இருந்தால் எடுக்கத்தான் வேண்டியிருக்கும், இல்லையென்றால் தொட மாட்டேன், வெள்ளிக்கிழமை வண்டியோடு வந்து பார்க்கிறேன், என்றார். கிளார்க் அதை எழுதிக்கொண்டார். கவுன்சிலரம்மா என்னை உட்காரச் சொன்னார், அதற்குப் பிறகுதான் நான் இன்னும் நின்றுகொண்டிருப்பதே எனக்குத் தெரிந்தது.

ஆட்டோவில் திரும்பும்போது அக்கா முன்னால் டிரைவர் பக்கம் உட்கார்ந்துகொண்டார். பாதி வழியில் என் சம்சாரம் கேட்டாள்: "இன்னாங்க, போலீஸ் ஸ்டேஷனும் பக்கத்துலதான் கீது. அங்கயும் போயி எழுதிக் குடுத்துட்டு வந்துடலாமா?"

வெள்ளிக்கிழமை வருவதற்குள் எனக்குத் தூக்கம் கெட்டுவிட்டது. பாத்ரூமை இடித்தால் அப்பா என்ன செய்வார்? பொதுக் கக்கூஸ் இப்போது பாதி இடிந்து கிடக்கிறது. இடியாமல் இருந்தாலும் அங்கே அவரால் உட்கார முடியாது. ஆகவே நான் கொத்தனாரைக் கூப்பிட்டேன். கமோடை வீட்டுக்குள்ளேயே எங்காவது மாற்ற முடியுமா என்று கேட்டேன். அவர் டேப்பை இழுத்து அளந்துவிட்டு, ஒரே ஒரு இடம்தான் கிடைக்கும், அடுப்படி மூலை, என்றார். அங்கிருந்து குழிக்குப் பைப் போட, வளைவுக்கு நாலு பெண்டு, ரெண்டு நீளப் பைப். சாமான் இன்றைக்கே வாங்கட்டுமா என்று கேட்டார். வாங்குங்கள் என்று சொல்லிவிட்டேன். கையில் இருந்ததைக் கொடுத்தேன். மிச்சத்தை அப்புறம் தருகிறேன் என்றேன்.

சம்சாரம் பைப்பைப் பார்த்தாள், அடுப்படி மூலையைப் பார்த்தாள். சோறு ஆக்குகிற இடத்தில் அதை வைத்தால் அன்றைக்கே தன் தாய் வீட்டுக்கு ஆம்பூர் வண்டி ஏறிவிடுவதாகச் சொன்னாள். சத்தம் போடாமல்தான் சொன்னாள், அதனால் நிஜம் என்று தெரிந்தது.

அப்பா கட்டிலில் இருந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"கேஜ்ல மைனுக்குள்ள எறங்க சொல்லோ, கயிறு அறுந்துடுமான்னு நான் ஒருநாள் யோசிச்சதில்லடா. நீ சாக்கடைய பாத்து நடுங்கினுகீற."

நான் சொன்னேன்: "உனக்காவத்தான் நைனா நடுங்கறேன்."

அதற்கு அவர், இடிக்க வருகிறவர்கள் வருவதற்கு முன்னால் காலையிலேயே ஒரு தடவை போய்விட்டு வந்துவிடுகிறேன் என்றார். வீடே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது.

வெள்ளிக்கிழமை லீவு போட்டேன். சொன்னபடி வண்டி வந்தது. தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடைப்பை எடுக்கிற லாரி, அதோடு இரண்டு ஆட்கள், பின்னால் பைக்கில் இன்ஜினியர். மெயின் ரோட்டில் கால்வாய் முடிகிற வாயிலிருந்து மேலே வருவதாகத் திட்டம். ரப்பர் குழாயை உள்ளே விட்டார்கள். அது எத்தனை அடி போகிறது என்று ஒரு ஆள் கையால் அளந்துகொண்டே விட்டான். மூப்பர் வீட்டைத் தாண்டியது. என் வீட்டுக்கு முந்தின வீட்டைத் தாண்டியது. இனி என் பாத்ரூம். நான் சம்சாரத்தின் கையைப் பிடித்துக்கொண்டேன். நிற்கும் என்று எதிர்பார்த்தேன். சத்தியமாக நிற்கும் என்றே நினைத்தேன்.

குழாய் நிற்கவில்லை. போய்க்கொண்டே இருந்தது. எங்கள் காலடியில் கல்லுக்குக் கீழே கடகடவென்று சத்தம் கேட்டது, அப்புறம் அதுவும் தூரமாகப் போனது.

"இல்லேனும் இல்ல. கிளீன்" என்றார் இன்ஜினியர். இங்கே ஒன்றுமில்லை என்று அர்த்தம். வீட்டுக்குள்ளிருந்து அப்பா, இன்னாடா ஆச்சு, இன்னாடா ஆச்சு என்று கேட்டுக்கொண்டே இருந்தார். சம்சாரம்தான் போய்ச் சொன்னாள்.

குழாய் போய் முட்டி நின்ற இடம் அக்கா வீட்டுத் துணி துவைக்கிற கல். அக்கா முகம் மாறிவிட்டது. கடப்பாரையால் நெம்பிக் கல்லை எடுத்தார்கள். கீழே பழந்துணி, பிளாஸ்டிக், தேங்காய் நார், எல்லாம் சேர்ந்து ஒரு மதில் மாதிரி நின்றிருந்தது. மேலாக வந்ததைக் கொக்கியால் இழுத்து வெளியே போட்டபின், கால்வாய்க்குக் குறுக்கே சிமெண்ட் வைத்துப் பூசி நிறுத்திய, கண்ணெல்லாம் சேறு அடைத்த ஒரு இரும்புச் சல்லடை தெரிந்தது. என் சுண்டுவிரல் கனம் கம்பி. மைன் மில்லில் அரைத்த கல்லைச் சலிக்கிற சல்லடை அது. மைன் மூடின காலத்தில் இந்த மாதிரிச் சாமான்கள் வீட்டுக்கு வீடு வந்து சேர்ந்தன. ஒருத்தர் ரயில் தண்டவாளத்தை வாசல்படிக்குப் போட்டிருக்கிறார், எங்கள் வீட்டு விட்டமும் அந்த மாதிரி ஒன்றுதான்.

யார் வைத்தது என்று இன்ஜினியர் கேட்கவில்லை. அக்காவே சொன்னார்.

"ரோட்டுப் பக்கம் இருந்து எலி ஏறி வருதுன்னு எங்க வூட்டுக்காரருதான் வெச்சாரு. நான்தான் எலி எலின்னு உசுர வாங்கினேன்." அப்புறம் என் பக்கம் திரும்பினார். "எனக்கு நெனப்பே இல்ல, தம்பி. இத்தினி நாளா உன் பாத்ரூம பாத்து பாத்து மனசுக்குள்ள இன்னாவோ நெனச்சிக்கினேன்."

நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன் அக்கா, என்றேன். வேறு என்ன சொல்வது?

அந்தச் சல்லடை லேசில் வரவில்லை. இரண்டு ஆட்களும் மாற்றி மாற்றிச் சுத்தியலால் அடித்தார்கள். சிமெண்ட் அசையவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்துவிட்டு மறுபடி அடித்தார்கள். அப்பா நாற்காலியைப் பின்வாசலுக்குப் போடச் சொல்லி, அங்கிருந்தபடி எந்த மூலையில் அடிக்க வேண்டும் என்று கத்திக்கொண்டிருந்தார். யாரும் அவர் சொன்ன மூலையில் அடிக்கவில்லை. அக்கா எல்லாருக்கும் டீ போட்டுக் கொடுத்தார். கொடுக்கும்போது, "அந்தாளு ஒண்ண செஞ்சா அப்படித்தான் நிக்கும்" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். மறுபக்கம் திரும்பி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கடைசியில் அது பெயர்ந்து வந்தபோது, மேலே தேங்கியிருந்த தண்ணீர் மொத்தமும் ஒரே மூச்சில் கீழே இறங்கியது. என் பாத்ரூமுக்குக் கீழே அது போகிற சத்தத்தை நான் குனிந்து நின்று கேட்டேன். அதுவரை எந்தச் சத்தமும் எனக்கு அவ்வளவு சந்தோஷம் கொடுத்ததில்லை. சாக்கடைச் சத்தம்தான், இருக்கட்டும்.

இன்ஜினியர் கிளம்புவதற்கு முன் பாத்ரூமுக்குள் எட்டிப் பார்த்தார். ஒரு பலகையை மட்டும் கலவை போட்டுப் பூசாமல், தூக்கி எடுக்கிற மாதிரி வைத்துக்கொள்ளச் சொன்னார், சுத்தம் செய்ய வேண்டியிருக்கும் என்று. அந்த மூணடி இடம் யாருடையது என்று நானே கேட்டுவிட்டேன். சம்சாரம் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"நான் தண்ணி ஓடுதான்னு பாக்க வந்தேன் சார்" என்றார் அவர். "ஓடுது. நீங்க வேற எதுவும் கேக்காதீங்க."

அதற்குப் பிறகு வந்த முதல் மழை ஒரு சாயங்காலம். நான் ரயில் இறங்கி, ஸ்டேஷனிலிருந்து நனைந்துகொண்டே வந்து, வீட்டுக்குப் போகாமல் நேராக அக்கா வீட்டு வாசலில் போய் நின்றேன். அடுப்படித் தரை காய்ந்திருந்தது. கட்டிலுக்குக் கீழே இருந்த செங்கல்லை எடுத்துவிட்டிருந்தார். அந்தச் சல்லடையைத் தேய்த்துக் கழுவிச் அந்தச் செங்கல் மேல் படுக்க வைத்து, அதன்மேல் வெங்காயம் பரப்பியிருந்தார்.

"காஞ்சி கீது தம்பி, பாத்தியா? வூட்டுக்குப் போ, உங்கப்பா உன்ன தேடினுகீறாரு" என்றார்.

வீட்டில் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது. கமோடு இருந்த இடத்தில் கமோடு, அடுப்பு இருந்த இடத்தில் அடுப்பு. சம்சாரம் ஆம்பூர் போகவில்லை. கூரைமேல் மட்டும் நாலு பெண்டும் இரண்டு நீளப் பைப்பும் கிடக்கின்றன. அளந்து அறுத்தாகிவிட்டது, கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டாராம். கொத்தனார் வழியில் பார்க்கும்போதெல்லாம், அடுப்படியில் வைத்தாயிற்றா என்று கேட்டுச் சிரிக்கிறார். அப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை, அதனால் எனக்கு அந்தச் சிரிப்பு வலிக்கவில்லை. சம்பளம் வந்ததும் பைப்புக்கு மிச்சக் காசைக் கொடுத்துவிடுவேன். இப்போதைக்குக் கொத்தனாருக்கு இன்னும் ஆயிரத்து நூற்றைம்பது ரூபாய் பாக்கி.