வளப்பூர்க் கிழங்கைக் கேட்டா எடப்புளிக் கிழங்கைக் காட்டுற மாடல்

காலையில சேந்தமங்கலம் ஆபீசுக்குள்ள நுழைஞ்சதும் எங்க சார் கேட்டார்: "ஏனுங்க, வளப்பூர் நாட்டுக்குப் போகாமலே எடப்புளி நாட்டுக் குச்சிக்கிழங்குக் கணக்கைக் காப்பி அடிச்சீங்களா? ரெண்டுக்கும் ஒரே விடை வருது!"

கொல்லிமலை மழையில வழுக்கி விழுந்து, வளப்பூர் நாட்டுல ஊர் ஊராப் போய் மரவள்ளிக் கிழங்கை எடை போட்டவன் நான்.

விளைச்சலைக் கணக்குப் போடற மாடலுக்குன்னு கம்ப்யூட்டர்ல அவர் எழுதுன ஃபங்ஷனை, அதாவது குட்டி புரோகிராமைப் பார்த்தேன். உள்ளே வளப்பூர் டேட்டாவைக் கொடுத்தாலும் மாடல் அதைத் தொடறதில்ல. நேத்து அதே பேர்ல ஃபங்ஷனுக்கு வெளியே விட்டுவெச்ச எடப்புளி டேட்டாவைப் போய் எடுத்துக்குது. கையில வெண்ணெய வெச்சுக்கிட்டு நெய்க்கு அலையுது.

வெளியே கிடந்த அந்தப் பழசை அழிச்சுட்டு, "இப்ப ஓட்டுங்க சார்"னேன். உள்ளே இருக்கறதை அப்பவும் பார்க்காம, டேட்டாவே இல்லைன்னு எர்ரர்.

"நேத்து வரைக்கும் நல்லாத்தானே ஓடுச்சு, எதைங்க அழிச்சீங்க?"ங்கறார்.

விடை வந்தா நான் திருடன், வராட்டி நான் கெடுத்தவன். உங்க ஆபீஸ்லயும் இப்படித்தானுங்களா?