வண்ணத்துப்பூச்சி இருந்த இடம்

எங்கள் மூத்த சகோதரர், எங்கள் காக்கா, எங்களைப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. அல்லாஹ் அவருடைய கப்றை விசாலமாக்கி வைப்பானாக. இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் பலருக்கு அவர் கணித ஆசிரியர். சிலருக்குக் கல்யாண வீடுகளில் கிற்றார் வாசித்த மனிதர். தங்கையாகிய எனக்கு, வாப்பாவுக்குப் பின் அவரே வாப்பா.

காக்கா பிறந்தது சாய்ந்தமருதில். கடற்றொழில் செய்த வாப்பா இளவயதிலேயே மௌத்தாகிவிட, படிப்பித்துக்கொண்டே எங்களைக் கரைசேர்த்தார். தனக்கென்று அவர் ஆசையாக வாங்கியது ஒரு கிற்றார்தான். மகள் பிறந்த வருடம் அதைக் கொழும்பிலிருந்து கொண்டுவந்தார். முன்பலகை குளிர்நாட்டு மரம்; தேங்காய்ச் சொட்டுப்போல் வெள்ளையாக இருந்தது.

“இருந்து பாரு புள்ள, வெளிச்சம் பட்டுப் பட்டு இது தேன் நிறத்துக்கு வரும்” என்றார் என்னிடம்.

பேசத் தெரிந்த வயதில் மகள் அந்தப் பலகையில் ஒரு வண்ணத்துப்பூச்சி ஸ்டிக்கரை ஒட்டினாள். காக்கா கழற்றவில்லை.

சுனாமி வந்த காலையில் அவர் ஆலையடிவேம்பில் இருந்தார். தச்சுவேலை செய்யும் நண்பரிடம் கிற்றாரைத் திருத்தக் கொடுத்திருந்தார். அதை எடுக்கப் போயிருந்தார். இங்கே சாய்ந்தமருதில் காக்காவின் மனைவி, எங்கள் மதினி, ஒரு தென்னையைப் பிடித்துத் தப்பினார். மகளின் கை நழுவிவிட்டது. மறுநாள் அவளை நல்லடக்கம் செய்தோம். வீடு போனது, அவளுடைய படங்களும் போயின. அவள் கைபட்டதென்று எஞ்சியது அந்த ஸ்டிக்கர் மட்டுமே.

புதிய வீட்டின் சுவரில் தொங்கிய கிற்றார் வருடா வருடம் மஞ்சளித்தது. பசை காய்ந்து ஒருநாள் ஸ்டிக்கர் உதிர்ந்தது. தேன் நிறப் பலகையின் நடுவே வெள்ளையாக ஒரு வண்ணத்துப்பூச்சி நின்றது.

ஆலையடிவேம்பு நண்பர் பார்த்துவிட்டுத் தயங்கினார். “இனி இதிலயும் வெளிச்சம் படும் சேர். போகப்போக மத்தப் பலகையோட ஒண்டாகிரும்.”

“நிப்பாட்ட ஏலாதா?”

“இருட்டுல வெச்சாக் கொஞ்சம் பிந்தும். அவ்வளவுதான்.”

காக்கா கிற்றாரை அலுமாரியில் வைத்துப் பூட்டினார். வாசிப்பதை விட்டார், கதைப்பதும் குறைந்தது. கடைசியில் மதினிதான் அதை வெளியே எடுத்து அவர் மடியில் வைத்தார்.

“புள்ள விரும்பினது ஒங்கட பாட்ட. பலகையை இல்ல. வாசிங்க.”

அன்று அவர் அழுதுகொண்டே வாசித்தார். அதன்பின் அநேகமாக ஒவ்வொரு பின்னேரமும் வாசித்தார். வண்ணத்துப்பூச்சி மெல்ல மெல்ல மஞ்சளாகி, ஒருநாள் கண்ணுக்குத் தெரியாமலே போனது.

சிறுநீரக நோய் அவரைப் படுக்கையில் போட்டபோது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அயலவர்களுக்கும், இரத்தம் தந்த மாணவர்களுக்கும், வாரந்தோறும் ஆலையடிவேம்பிலிருந்து வந்து கட்டிலருகே இருந்த நண்பருக்கும் நாங்கள் கடமைப்பட்டவர்கள்.

கடைசிப் பின்னேரம் காக்கா மதினியிடம் கேட்டார்: “மகள்ட மொகம் ஒனக்கு ஞாபகமிருக்கா? எனக்கு வருகுதில்ல.”

“ஓம். அப்படியே இருக்கு” என்றார் மதினி. பிறகு அவருடைய காதோடு குனிந்து, நெற்றி, கண், பல் விழுந்த சிரிப்பு என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். காக்கா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மதினி, அதற்காக உங்களுக்கு எங்கள் எல்லோருடைய நன்றியும்.